எதிரொலியைப் பிடித்தவர்

நான் பழவேற்காட்டுக்காரன். ஏரியில் வலை போடும் குடும்பம். போன வருஷம் ஆயாவுக்கு வாந்தி பேதி கண்டு, உடம்பில் நீர் வற்றிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்கலை. இரண்டு கையிலும் மாறி மாறிக் குத்தியாயிற்று. அப்புறம் ஒரு நர்ஸ் அக்கா சின்ன ஸ்கேன் மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார். ஜெல் தடவி, முழங்கைக்கு மேலே வைத்து லேசாக அழுத்தினார். திரையில் இரண்டு கறுப்பு வட்டம். அழுத்தினால் நசுங்குவது சிரை, நசுங்காமல் துடிப்பது தமனி. ஊசி முனை வெள்ளைப் புள்ளியாக இறங்கியது. ஒரே குத்து!

காசிமேட்டு போட்டில் மீன் பார்க்கிற மெஷின் மாதிரியா என்று அப்பா கேட்டார். (எங்கள் ஏரிக்கு அது வேண்டாம், பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான்.) ஆமாம், இரண்டுக்கும் மூலபுருஷர் ஒருவரே. பால் லாஞ்செவின்.

1872-ல் பாரிசில் பிறந்தவர். நம்மைப் போலத் தொழிற்கல்விக் கூடத்தில்தான் முதலில் படித்தார். அங்கே லேபில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் பியேர் கியூரி. குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-ல் அண்ணன் ஜாக்குடன் சேர்ந்து கண்டவர். மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிரும்.

முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தன. தண்ணீருக்குள் ஒலியனுப்பி எதிரொலியில் அவற்றைப் பிடிக்கலாம் என்றார் சிலோவ்ஸ்கி என்ற ருஷ்ய இன்ஜினியர். லாஞ்செவினுக்குக் குருவின் படிகம் ஞாபகம் வந்தது. 1917-ல் குவார்ட்ஸ் துண்டுகளை இரண்டு எஃகுத் தட்டுகளுக்கு நடுவே ஒட்டி அதிர வைத்தார். அடுத்த வருஷம் நீர்மூழ்கியிலிருந்து எதிரொலி கிடைத்தது. கணக்கு எளிது. தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். ஒரு விநாடியில் திரும்பினால் பொருள் 750 மீட்டரில். நம் சதையில் 1540, கிட்டத்தட்ட அதேதான். சோதனையில் அலையின் வீச்சில் சிக்கிய மீன்கள் செத்தனவாம். எங்க ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் சும்மா விடமாட்டார்கள்! ஸ்கேனில் போவது அத்தனை பலமான அலை அல்ல.

பிறகு அவருக்கு வந்தது சோதனைக்காலம். நாஜி எதிர்ப்பாளர் என்பதால் 1940-ல் ஜெர்மானியர் கைது செய்தனர். 1942-ல் மருமகனைச் சுட்டுக் கொன்றனர். மகள் ஆஷ்விட்ஸ் முகாமுக்குப் போய் உயிரோடு திரும்பினார். 1944-ல் இவர் ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பினார். 1946-ல் காலமானார். கிளாஸ்கோ டாக்டர் இயன் டொனால்டு வயிற்றுக் கட்டிகளை எதிரொலியில் படமாக்கி எழுதியது 1958-ல்தான்.

ஆயா மூன்றாம் நாள் வீடு திரும்பினாள். நான் லேபுக்கு வந்து முதல் வேலையாக, பஸ்ஸருக்குள் இருக்கும் பீசோ தகட்டின் இரண்டு வயரையும் சி.ஆர்.ஓ.வில் மாட்டி விரலால் தட்டினேன். திரையில் அலை எழுந்தது. நீங்களும் தட்டிப் பாருங்கள்.