தொழிலாளருக்காகப் பேனா பிடித்தவர்

பட்டாபிராமில் ரெயில் ஏறிக் கிழக்கே போனால் ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கம் தாண்டிப் பெரம்பூர் வரும். பட்டாபிராமில் இருந்து தெற்கே போனால் பூந்தமல்லி. அதற்கும் அப்பால், போரூர்ப் பக்கம் துள்ளம் என்று ஒரு சிற்றூர். இப்போது அதற்குத் தண்டலம் என்று பெயர்.

துள்ளத்தில் பிறந்த ஒருவர், பெரம்பூர்த் தொழிலாளர்களின் தலைவர் ஆனார். அவர்தான் தமிழ்த்தென்றல் என்று பெயர் பெற்ற திரு.வி.கலியாணசுந்தரனார்!

நூறு ஆண்டுகளுக்கு முன் பெரம்பூர் மக்கள் எப்படிப் பிழைத்தார்கள்? எதற்காக அழுதார்கள்? எதற்காக ஒன்று கூடினார்கள்? கோவில் கல்வெட்டில் அது இருக்காது. பழைய பத்திரிகைத் தாள்களைப் புரட்டினால்தான் தெரியும். அந்தத் தாள்களில் ஏழைகளுக்கு இடம் தேடிக் கொடுத்தவர் திரு.வி.க.

தேர்வை விட்ட மாணவர்

1883-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை விருத்தாசல முதலியார். தாயார் சின்னம்மாள். முன்னோர்களின் ஊர் திருவாரூர். அந்த ஊரின் முதல் எழுத்துக்களே அவர் பெயருக்கு முன்னால் 'திரு' என்று நிற்கின்றன.

குடும்பம் சென்னை ராயப்பேட்டைக்கு வந்தது. சிறுவனுக்கு நோய் வந்து படிப்பு தடைப்பட்டது. பிறகு வெஸ்லி பள்ளியில் சேர்ந்தார். அங்கே யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் கதிரைவேற்பிள்ளை அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். தமிழ் மீது தீராத ஆசை பிறந்தது.

1904-ம் ஆண்டு ஆசிரியர் மீது ஒரு வழக்கு. மாணவர் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போனார். அதனால் தேர்வு எழுத முடியவில்லை. பள்ளிப் படிப்பு அத்தோடு முடிந்தது. ஆனால் தமிழ்ப் படிப்பு முடியவில்லை. புலவர்களைத் தேடிச் சென்று பாடம் கேட்டார்.

சிறிது காலம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கு எழுதினார். அந்த வேலை நிலைக்கவில்லை. மனம் திலகரின் சுதந்திர இயக்கத்தில் இருந்தது. பிறகு, தாம் படித்த வெஸ்லி நிலையத்திலேயே தமிழ் ஆசிரியர் ஆனார்.

'தேசபக்தன்'

ஆசிரியர் வேலை என்றால் மாதம் பிறந்தால் சம்பளம். குடும்பம் நிம்மதியாக நடக்கும். ஆனால் 1917-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அந்த நிம்மதியை விட்டு வெளியே வந்தார். 'தேசபக்தன்' என்ற தமிழ் நாளேட்டின் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தார்.

அந்தக் காலத்தில் அரசியல் என்றால் ஆங்கிலம்தான். மேடையிலும் ஆங்கிலமே முழங்கும். தமிழில் எழுதினாலும் பாதி வேறு மொழிச் சொற்களாக இருக்கும். திரு.வி.க. அந்த வழக்கத்தை மாற்றினார். அரசியலை நல்ல தமிழில் எழுத முடியும் என்று நாள்தோறும் காட்டினார்.

பெரம்பூரில் எழுந்த குரல்

அப்போது பெரம்பூரில் பின்னி மில் என்று மக்கள் சொன்ன பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் ஓடிக் கொண்டிருந்தன. நாள் ஒன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை. நடுவில் சாப்பிடக் கிடைத்த நேரமோ மிகக் கொஞ்சம். சோற்றை அள்ளிப் போட்டுக் கொண்டு ஓட வேண்டும்.

செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகிய இருவரும் இந்தத் துயரத்தை வெளியே கொண்டு வந்தார்கள். அன்னி பெசன்ட் அம்மையாரோடு பணி செய்த பி.பி.வாடியா முன்வந்தார். 1918-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுதான்! வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர்.

அதே ஆண்டில் அவர் வீட்டில் இடி விழுந்தது. 1912-ல் அவர் கைப்பிடித்த கமலாம்பிகை அம்மையார் காச நோயால் இறந்து போனார். இரண்டு குழந்தைகளும் முன்பே இறந்து விட்டன. அவருக்கு வயது 35. மறுமணம் செய்து கொள்ளவில்லை. வீடு வெறிச்சோடியது. தொழிலாளர்களே அவருடைய குடும்பம் ஆனார்கள். பிற்காலத்தில் அவர் எழுதிய புகழ் பெற்ற நூலின் பெயர் 'பெண்ணின் பெருமை'.

நாடு கடத்தும் ஆபத்து

1920-ம் ஆண்டு அக்டோபரில் 'நவசக்தி' வார இதழைத் தொடங்கினார். கல்கி கிருஷ்ணமூர்த்தி பத்திரிகைத் தொழில் பழகியது இந்த அலுவலகத்தில்தான்.

1921-ல் பின்னி மில்லில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. மாதக்கணக்கில் நீடித்தது. கூலி இல்லை. பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. புளியந்தோப்பில் தொழிலாளருக்குள்ளேயே சாதிக் கலவரம் மூண்டது. தொழிலாளர் ஒற்றுமையே உடைந்தது.

கவர்னர் வெல்லிங்டன் பிரபு திரு.வி.க.வை நாடு கடத்தப் போவதாக மிரட்டினார். அதைத் தடுக்க முன்வந்தவர் யார் தெரியுமா? நீதிக் கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார்! அந்தக் கட்சியை ஓயாமல் எதிர்த்து எழுதி வந்தவர் திரு.வி.க. எதிர்க்கட்சிக்காரருக்கு ஆபத்து வந்ததும் கட்சியை மறந்து அவர் கை கொடுத்தார்.

இருளில் ஒளி

நாடு விடுதலை பெற்ற 1947-ம் ஆண்டிலும் பின்னி மில்லில் வேலைநிறுத்தம். அப்போது திரு.வி.க.வுக்கு வயது 63. சென்னை அரசு அவரை வீட்டுக் காவலில் வைத்தது. ஆண்டது அவர் பாடுபட்டு வளர்த்த காங்கிரஸ்தான். ஆனாலும் அவர் தொழிலாளர் பக்கமே நின்றார்.

முதுமையில் கண் பார்வை போய் விட்டது. பேனா பிடித்த கை ஓய்ந்தது. ஆனால் அவர் ஓயவில்லை. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். அந்த நாட்களில் வந்த ஒரு நூலுக்கு அவர் வைத்த பெயர் 'இருளில் ஒளி'.

1953-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 17-ந் தேதி அவர் மறைந்தார். பணம் சேர்க்கவில்லை. அவர் விட்டுச் சென்ற சொத்து ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்களும், பழுத்துப் போன பத்திரிகைத் தாள்களும்தான்.

பின்னி மில் 1996-ல் மூடப்பட்டு விட்டது. சங்கு ஊதுவதில்லை. பெரம்பூரை ஒட்டி ஒரு பகுதிக்குத் திரு.வி.க. நகர் என்று பெயர். பட்டாபிராமில் ரெயில் ஏறுகிறவர்கள் அந்த வழியாகத்தான் சென்னைக்குப் போகிறார்கள். வேலை நேரத்துக்கு வரம்பு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, சாப்பாட்டுக்கு இடைவேளை ஆகியவை பிறகு சட்டத்தில் இடம் பெற்றன. அவற்றுக்காக முதலில் வாய் திறந்த மக்களின் குரல், அந்தப் பழைய தாள்களில் இன்னும் கேட்கிறது.