பாட்ரிக் ரசல்

பாட்ரிக் ரசல் என்பவர் சோழமண்டலக் கரையின் பாம்புகளை முறையாக ஆராய்ந்து நூலாக வெளியிட்ட இசுக்கொட்லாந்து மருத்துவரும் இயற்கையியலாளரும் ஆவார். இந்தியப் பாம்பியலின் தந்தை என இவர் போற்றப்படுகிறார். தமிழில் கண்ணாடி விரியன் எனப்படும் பாம்பு ஆங்கிலத்தில் இவரது பெயராலேயே வழங்கப்படுகிறது.

வாழ்க்கை

ரசல் எடின்பரோவில் பிறந்து அங்கேயே மருத்துவம் கற்றார். 1750இல் சிரியாவின் அலெப்போ நகருக்குச் சென்றார். அங்கு மருத்துவராக இருந்த அண்ணன் அலெக்சாண்டர் ரசல் நாடு திரும்பிய பின், ஆங்கில வணிகர்களின் மருத்துவர் பொறுப்பை ஏற்றார். 1760 முதல் 1762 வரை அந்நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது அவர் வெளியேறவில்லை. மாடிச் சன்னலில் இருந்தபடி கீழே தெருவில் வந்து நின்ற நோயாளிகளுக்கு மருந்து கூறினார். அச்சத்துக்கு உரியதை அகலாது அணுகாது ஆராயும் இந்தப் பழக்கமே பின்னாளில் பாம்பு ஆய்விலும் அவருக்குத் துணைநின்றது எனலாம்.

1781இல் தம்பி கிளாட் ரசலுடன் விசாகப்பட்டினம் வந்தார். தரங்கம்பாடியில் மருத்துவராகப் பணியாற்றியவரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளருமான யோகான் கெரார்டு கோனிக் 1785இல் இறந்ததால், அப்பதவி ரசலுக்குக் கிடைத்தது.

பாம்பு ஆய்வு

அக்காலத்தில் பாம்புக்கடி குறித்துக் கம்பெனி அலுவலரிடமும் பொதுமக்களிடமும் பெரும் அச்சம் நிலவியது. எப்பாம்பு நஞ்சுடையது, எது நஞ்சற்றது என்று கூறவல்ல நூல் எதுவும் இல்லை. ரசல், உள்ளூர் மக்கள் கொண்டுவந்த பாம்புகளின் வாயைத் திறந்து நச்சுப்பல் உண்டா என நோக்கினார், செதில்களை எண்ணினார், கோழிகளையும் நாய்களையும் கடிக்கச் செய்து விளைவைக் குறித்துவைத்தார். இச்சோதனைகள் இன்றைய நோக்கில் கொடியவையே. எனினும் அவற்றின் முடிவு வியப்பளித்தது. அவர் ஆராய்ந்து விவரித்த 43 பாம்புகளில் ஏழுக்கு மட்டுமே நச்சுறுப்புகள் இருந்தன.

இதனால் மருந்துகளின் புகழும் கேள்விக்குள்ளானது. நஞ்சற்ற பாம்பு கடித்தவர் எந்த மருந்தும் இன்றியே பிழைப்பார். ஆனால் பெருமை அவர் உண்ட மருந்துக்கோ ஓதப்பட்ட மந்திரத்துக்கோ சேரும். பாடாணம் கலந்த தஞ்சாவூர் மாத்திரை அந்நாளில் பெயர்பெற்றிருந்தது. ரசல் அதையும் சோதித்தார். அது உறுதியான முறிமருந்து என அவரால் நிறுவ இயலவில்லை.

1796இல் வண்ணப் படங்களுடன் கூடிய அவரது பாம்பு நூலின் முதல் தொகுதி லண்டனில் வெளிவந்தது. பாம்புகளுக்கு இலத்தீன் பெயர் சூட்டாமல், மக்கள் வழங்கிய தெலுங்குப் பெயர்களையே அவர் பயன்படுத்தினார். கட்டுவிரியன் பேரினத்தின் அறிவியல் பெயரான பங்காரசு, அந்நூலில் உள்ள 'பங்காரும்' என்னும் தெலுங்குச் சொல்லிலிருந்து வந்ததாகும். கண்ணாடி விரியனுக்கு 1797இல் சியார்ச்சு சா என்பவர் ரசலின் பெயரை இட்டார். விசாகப்பட்டினத்து மீன்கள் பற்றிய ரசலின் நூல் 1803இல் வெளியானது. 1805 சூலை 2 அன்று லண்டனில் இறந்தபோது அவர் எண்பது வயதை நெருங்கியிருந்தார்.

சோழமண்டல வயல்களில்

ரசல் ஆராய்ந்த பாம்புகளுட் பல அதே கரையில் தெற்கே கடலூர், சிதம்பரம் பகுதிகளிலும் வாழ்வன. அண்ணாகிராமம் வட்டாரத்தின் நெல், கரும்பு வயல்களில் எலிகளைத் தேடிப் பாம்புகள் வருவது இயல்பு. அவற்றுள் சாரையும் தண்ணீர்ப்பாம்பும் மனிதரைக் கொல்லும் நஞ்சு இல்லாதவை. கடித்தபின் சுடுகாட்டுப் புகையை மரமேறிப் பார்க்கும் என்று கதை கட்டப்பட்ட கொம்பேறிமூக்கனாலும் மனிதருக்கு ஆபத்தில்லை. ஆயினும் அது அடித்துக் கொல்லப்படுகிறது. மறுபுறம், கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்றோ மண்ணுளி என்றோ கருதிக் கையால் எடுப்போரும் உண்டு. அப்பிழை உயிரைப் பறிக்கும்.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகவே இந்தியாவில் நச்சுமுறி மருந்து தயாரிக்கப்படுகிறது. இதற்கான நஞ்சை, 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் எடுத்து வழங்கி வந்துள்ளனர். நஞ்செடுத்த பாம்புகளைக் காட்டிலேயே திரும்ப விட்டுவிடுவது அவர்கள் வழக்கம்.