தமிழில் வைத்திய நூல் தந்த டாக்டர் கிரீன்

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லிக்குப் போகும் நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி இருக்கிறது. அங்கே பல் மருத்துவக் கல்லூரி உண்டு. பொது மருத்துவக் கல்லூரியும் உண்டு. டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பறையும் ஆஸ்பத்திரியும் மட்டும் போதாது. புத்தகசாலையும் வேண்டும். எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று சந்தேகம் வந்தால் மாணவனும் அங்கேதான் போவான். அவனுடைய ஆசிரியரும் அங்கேதான் போவார். வேண்டிய நூலை நூலகர் தேடி எடுத்துக் கொடுப்பார்.

தேடி எடுக்க நூலே இல்லாவிட்டால் என்ன செய்வது? அப்படிப்பட்ட நிலையில், நூல்களைத் தாமே உண்டாக்கிக் கொடுத்தார் ஒருவர். அவர்தான் டாக்டர் சாமுவேல் கிரீன்.

கிரீன் தமிழர் அல்லர். அமெரிக்காவில் உஸ்டர் என்ற ஊரில் 1822-ம் ஆண்டு பிறந்தவர். வீட்டில் பதினொரு குழந்தைகள், அவர் எட்டாவது. நியூயார்க்கில் வைத்தியம் படித்துத் தேறினார். 1847-ல், இருபத்தைந்து வயதில், கிறிஸ்தவ மிஷன் டாக்டராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மறு வருஷம் மானிப்பாய்க்குப் போய், மூன்றே மூன்று மாணவர்களுடன் வைத்திய வகுப்பு தொடங்கினார்.

முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள். ஆனால் படித்து முடித்தவர்களை சர்க்கார் உத்தியோகம் இழுத்துக்கொண்டது. கிராமத்தில் காய்ச்சலில் கிடந்தவன் கிடந்தபடியே கிடந்தான். இது கிரீனின் மனத்தை உறுத்தியது. தமிழில் படித்தவன் தமிழ் ஊரிலேயே தங்குவான் என்று அவர் கணக்குப் போட்டார்.

தமிழில் படிக்கப் புத்தகம் வேண்டுமே? அவரே தமிழ் கற்றார். 1857-ல் ஊர் திரும்பி, 1862-ல் மறுபடி வந்தார். 1864 முதல் வகுப்பு தமிழிலேயே நடந்தது. அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து பெரிய பெரிய நூல்களை மொழிபெயர்த்தார்கள். மாணவர் எழுதுவார், ஆசிரியர் வரிவரியாகத் திருத்துவார்.

சொல்லுக்கு அவர் வைத்திருந்த முறை எளிமையானது. முதலில் தமிழில் தேடுவார். கிடைக்காவிட்டால் வடமொழியில் தேடுவார். அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவார். இப்படித்தான் உடற்கூறு அங்காதிபாதம் ஆயிற்று. உடலியல் சுகரணம் ஆயிற்று. ரசாயனம் கெமிஸ்தம் ஆயிற்று! இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் இந்தத் துறைகளுக்குத் தமிழில் பெயர் வைக்க அன்று எத்தனை பேர் முன்வந்தார்கள்?

லண்டனில் கிரே என்பவர் எழுதிய உடற்கூற்று நூல் 1858-ல் வெளிவந்தது. இன்றும் உலகமெங்கும் வைத்திய மாணவர்களுக்குத் தெரிந்த நூல் அது. அதைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம் 1872-ல் மானிப்பாயில் அச்சாயிற்று. நடுவே பதினான்கே வருஷம்! பிரசவ வைத்தியம் அதற்கு முன்பே வந்துவிட்டது. இரண வைத்தியம் 1867-ல் வந்தது. எல்லாம் சேர்த்து 4,000 பக்கங்களுக்கு மேல்.

உடல் நலம் குன்றியதால் 1873-ல் கிரீன் அமெரிக்கா திரும்பினார். வேலையை விடவில்லை. உஸ்டரில் உட்கார்ந்துகொண்டு தமிழ்ப் பிரதிகளைத் திருத்தினார். கெமிஸ்தம் 1875-ல் நாகர்கோவிலில் அச்சாயிற்று. மனுஷ சுகரணம் 1883-ல் வந்தது. கப்பலில் தபால் போய் வந்த அந்தக் காலத்தில் இது எத்தனை பொறுமை வேண்டிய வேலை என்று எண்ணிப் பாருங்கள்.

அவரிடம் பயின்று டாக்டரானவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

1884-ம் ஆண்டு மே மாதம் 28-ந் தேதி கிரீன் காலமானார். தமிழருக்கு வைத்தியராய் இருந்தவர் என்பது தம் கல்லறையில் தெரியவேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார். உஸ்டர் மயானத்தில் அவ்விதமே பொறித்து வைத்தார்கள். மானிப்பாயில் உள்ள ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.