இருளைத் தேடிச் சென்ற வானியலர்

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் சென்ற தை மாதத்து இரவொன்றில் என் பெயர்த்தியுடன் நடந்துகொண்டிருந்தேன். பள்ளியில் விண்மீன்களைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருந்த அவள், வானைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள். பதினொன்றோடு எண்ணிக்கை முடிந்துவிட்டது. ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். அவ்வளவு இடமும் வீணா என்று அவள் மறுபடி கேட்டபோது என்னிடம் விடை இல்லை.

அவள் கேள்வியில் பொருள் இருக்கிறது. சூரியனை ஒரு தேங்காய் அளவாகச் சுருக்கி அயனம்பாக்கத்தில் வைத்தால், பூமி 15 மீட்டர் தள்ளி ஒரு கடுகாக நிற்கும். சூரியனுக்கு அடுத்த விண்மீனோ ஏறத்தாழ 4,000 கிலோமீட்டருக்கு அப்பால், அதாவது குவைத் நகரையும் தாண்டி இருக்கும். நடுவில் உள்ள வெளியில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சராசரியாக ஓர் அணு மிதந்தால் அதுவே பெரிது. இந்த வெறுமையை நினைக்குங்கால் மனம் சற்றே நடுங்கத்தான் செய்கிறது.

அதைக் கண்டு நடுங்காமல், அதன் நீளத்தை அளக்க வழி கண்டவர்களுள் ஒருவர் சென்னையில் பிறந்தவர் என்பது நம்மில் பலர் மறந்துவிட்ட செய்தி. அவர் பெயர் வைனு பாப்பு.

1927 ஆகஸ்ட் 10 அன்று பிறந்த பாப்பு, ஹைதராபாதில் வளர்ந்தார். அவருடைய தந்தை அங்குள்ள நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். ஏனைய சிறுவர்கள் உறங்கும் நேரத்தில் வானைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு வீட்டுச் சொத்தாகவே வாய்த்தது. பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி மாணவராகச் சென்றார். சென்ற சில மாதங்களிலேயே, 1949-இல், வானத்தை எடுத்த ஒளிப்படத் தகட்டில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். அது அவர் பெயரோடு போக், நியூகிர்க் ஆகிய இருவர் பெயரையும் சேர்த்து வழங்கப்படுகிறது. அந்த வால்மீன் மீண்டும் நம் பக்கம் வரப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும்.

ஆயினும் வானியல் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது வால்மீனுக்காக மட்டும் அன்று. ஏரியின் மறுகரையில் ஒரு விளக்கு மங்கலாக எரிகிறது என்று கொள்வோம். அது அருகில் உள்ள சிறு விளக்கா, தொலைவில் உள்ள பெரு விளக்கா என்று கண்ணால் மட்டும் சொல்லிவிட முடியாது. விளக்கின் உண்மையான ஆற்றல் தெரிந்தால் மட்டுமே தொலைவைக் கணக்கிட முடியும். விண்மீன்களைப் பொறுத்தவரை வானியலரை நெடுங்காலம் திகைக்க வைத்த சிக்கல் இதுவே.

பாப்பு, ஒலின் வில்சன் என்ற அமெரிக்க வானியலருடன் இணைந்து இதற்கு ஒரு வழி கண்டார். குளிர்ந்த விண்மீன்களின் ஒளியை நிறங்களாகப் பிரித்தால், ஊதாப் பகுதியில் கால்சியம் தனிமத்துக்குரிய கருங்கோடு தெரியும். அதன் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று இருக்கும். அந்த ஒளிக்கோடு எவ்வளவு அகலமோ, அந்த அளவுக்கு அம்மீனின் உண்மையான ஒளிர்வும் மிகுதி என்று இருவரும் நிறுவினர். 1957-இல் வெளியான இக்கண்டுபிடிப்பு, வில்சன்-பாப்பு விளைவு என்று இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. கோட்டின் அகலத்தை அளந்தால் உண்மையான ஒளிர்வு தெரியும். அதை நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டால் தொலைவு தெரியும். ஒரு கோட்டின் அகலத்துக்குள் பல ஒளியாண்டு வெறுமையின் அளவு அடங்கிக் கிடந்தது.

அமெரிக்காவிலேயே அவர் தங்கியிருக்கலாம். ஆனால் 1953-இல் தாயகம் திரும்பினார். நைனிதாலில் வானாய்வகம் உருவாகத் துணை நின்றார். 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். அந்த நிலையம் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வகத்தின் வழித்தோன்றல். சூரியனை ஆராயக் கொடைக்கானல் ஏற்ற இடம். தொலைதூர விண்மீன்களை ஆராய்வதற்கோ அவருக்கு வேறோர் இடம் தேவைப்பட்டது.

மேகம் குறைந்த, விளக்கொளி படாத, தெற்கு வானமும் தெளிவாகத் தெரியக்கூடிய இடத்தை அவர் தேடினார். ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் அது கிடைத்தது. 1968-இல் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு தொலைநோக்கியுடன் அங்கே பணி தொடங்கியது. 1972-இல் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அதற்கான சான்றைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று.

அவருடைய பெருங்கனவு, 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டுவது. பெரிய கண்ணாடியைத் தீட்டுவது முதல் தாங்குதளம் அமைப்பது வரை யாவும் இங்கேயே நடைபெற வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதனால் வேலை மெல்லவே நகர்ந்தது. 1979-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்வு பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமை அவரை வந்தடைந்தது. தொலைநோக்கி முடிவதற்குள், 1982 ஆகஸ்ட் 19 அன்று, ஜெர்மனியின் மியூனிக் நகரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 55.

1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அத்தொலைநோக்கியைத் திறந்துவைத்து, வைனு பாப்பு என்ற பெயரைச் சூட்டினார். பெயருக்கு உரியவர் அதன் வழியே ஓர் இரவுகூட வானைப் பார்த்ததில்லை. இதைப் படித்தபோது எனக்கு முதலில் வருத்தமே மேலிட்டது. பிறகு வேறொன்று தோன்றியது. விண்மீனின் ஒளியும் அப்படித்தான். புறப்பட்ட இடத்தில் என்ன நிகழ்ந்தாலும், அது பிறர் கண்ணுக்காக வந்துகொண்டே இருக்கிறது.

பெயர்த்தியின் கேள்விக்கும் அதிலேயே விடை கிடைத்தது. நடுவில் உள்ள இடம் வீணன்று. அது வெறுமையாக இருப்பதால்தான் அத்தனை தொலைவையும் கடந்து ஒளி நம்மிடம் வருகிறது. வழியெங்கும் பொருள் நிறைந்திருந்தால் நமக்கு வானமே தெரிந்திராது.

பல நூறு ஆண்டுகள் தடையின்றிப் பயணித்து வரும் அவ்வொளி, கடைசி நொடியில் நம் தெருவிளக்குகளின் வெளிச்சத்தில் மறைந்துபோகிறது என்பதுதான் வேதனை. பாப்பு இருளைத் தேடி மலைக்குச் சென்றார். இன்று மலையடிவார ஊர்களும் ஒளி வெள்ளத்தில் மிதக்கத் தொடங்கிவிட்டன. 2022-இல் லடாக்கின் ஹன்லேயைச் சுற்றியுள்ள பகுதி, இரவு வானைக் காக்கும் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நகரங்களில் அத்தகைய இருள் இயலாது. பாதுகாப்புக்கு வெளிச்சம் வேண்டும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் தெருவுக்காக ஏற்றிய விளக்கு வானத்தை நோக்கி எரியத் தேவையில்லை. மேற்புறம் மூடிய விளக்குகளும், நள்ளிரவில் அணைக்கப்படும் விளம்பரப் பலகைகளும் போதும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

பெயரிலேயே கதிரவனின் செலவைக் குறிக்கும் அயனம் என்ற சொல்லைத் தாங்கிய ஊர் எங்களுடையது. இங்குள்ள குழந்தைகள் பதினொன்றுக்கு மேல் எண்ணப் பழக வேண்டும் என்று விரும்புகிறேன். அடுத்த விடுமுறையில் அவளைக் காவலூருக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.