தூரிகை காத்த நாடு

நாட்டை இழந்த மக்களுக்கு நினைவே நாடாகும். அந்நினைவு மங்காது காப்பவர்கள் புலவர்களும் ஓவியர்களுமே ஆவர். போலந்து நாட்டு ஓவியர் யன் மாத்தெய்க்கோவின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் பேரரசுகள் 1772 முதல் 1795 வரை போலந்தைப் படிப்படியாகத் தம்முள் பங்கிட்டுக் கொண்டன. 1918 வரை அந்நாடு விடுதலை காணவில்லை. அவ்விருள் நாளில், 1838-ஆம் ஆண்டு, கிராக்கோ நகரில் மாத்தெய்க்கோ பிறந்தார். அவர்தம் தந்தையார் பொஹீமியாவிலிருந்து பிழைப்பை நாடி வந்த செக் இனத்தவர், இசையாசிரியர். குடியேறி வந்தவரின் மகனே அந்நாட்டின் மானத்துக்கு வடிவம் தந்தார் என்பது, தாயகம் நீங்கி வாழும் நாம் சிறப்பாக எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஆஸ்திரியப் பீரங்கிகள் 1848-இல் தம் ஊரைத் தாக்கியதை அவர் சிறுவயதிலேயே கண்டார். 1863-இல் ரஷ்ய ஆட்சியை எதிர்த்து எழுச்சி மூண்டபோது, நலிந்த உடல் அவரைக் களம் புக விடவில்லை. ஆயினும் பொருள் உதவினார். போராளிகளின் பாசறைக்குப் படைக்கலங்கள் கொண்டு சேர்த்தார். எழுச்சி ஒடுக்கப்பட்டது. வாளால் இயலாததைத் தூரிகையால் இயற்றத் துணிந்தார் அவர்.

1866-இல் ரெய்தான் என்னும் ஓவியத்தைத் தீட்டி முடித்தார். 1773-இல் முதற் பிரிவினைக்கு இணங்கிய மன்றத்தார் வெளியேறாதவாறு வாயிலில் வீழ்ந்து கிடந்து வழிமறித்த உறுப்பினரே ரெய்தான். நாட்டைக் காட்டிக் கொடுத்த பெருமக்களையும் மறையாது வரைந்தமையால், சொந்த நாட்டுப் பிரபுக்கள் சிலர் சினந்தனர். எனினும் 1867-இல் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் அவ்வோவியம் பொற்பதக்கம் பெற்றது. விந்தை யாதெனின், பங்கிட்ட பேரரசுகளுள் ஒன்றான ஆஸ்திரியாவின் சக்கரவர்த்தியே அதனை விலை கொடுத்து வாங்கினார்!

பின்னர், தந்தையாரின் தாயகமாகிய பொஹீமியாவின் தலைநகர் பிராக், தன் கலைக்கழகத் தலைமையை ஏற்குமாறு அவரை அழைத்தது. அவர் இசையவில்லை. தாம் பயின்ற கிராக்கோ ஓவியப் பள்ளியின் தலைமையை 1873-இல் ஏற்று, இறுதிவரை தாங்கினார்.

அவரது பெரும் படைப்பாகிய குருன்வால்டு போர் 1872 முதல் 1878 வரை உருவாயிற்று. 1410 ஜூலை 15 அன்று போலந்து, லித்துவேனியப் படைகள் ஜெர்மானியத் துறவு வீரர்களின் படையை முறியடித்த காட்சி அது. நீளம் ஏறத்தாழ 10 மீட்டர். உயரம் 4 மீட்டருக்கும் மேல். நடுவே கவசமின்றிச் செவ்வாடையில் வாளுயர்த்தி நிற்கிறார் லித்துவேனியக் கோமான். அருகே வெண்போர்வை தரித்த பகைத்தலைவரை எளிய காலாட்கள் இருவர் தாக்குகின்றனர். ஆடை, ஆயுதம், சேணம் ஆகிய ஒவ்வொன்றும் ஆராய்ந்து எழுதப்பட்டவை. பிரஷ்ய ஆட்சி பள்ளிகளினின்றும் போலிஷ் மொழியை அகற்றிக் கொண்டிருந்த காலம் அது. அவ்வடக்குமுறைக்கு இவ்வோவியமே மறுமொழியாயிற்று.

1893 நவம்பர் 1 அன்று அவர் மறைந்தார். 1939-இல் போலந்தைக் கைப்பற்றிய நாஜிகள், பரிசுத்தொகை அறிவித்து அவ்வோவியத்தைத் தேடினர். பற்றாளர்கள் அதனை லூப்ளின் நகருக்கருகே மண்ணுள் புதைத்துக் காத்தனர். பின்னர் மீட்கப்பெற்று, அது வார்சா தேசியக் காட்சிச்சாலையை அணி செய்கிறது.

பிறந்த மண்ணின் வரலாற்றை மாத்தெய்க்கோ தமதாக்கிக் கொண்டார்; அம்மண்ணும் அவரைத் தன் மகனாக்கிக் கொண்டது. எந்நகரில் பிறப்பினும் நம் சிறார் முன்னோர் மொழியைப் போற்றுவாராக. வளர்க்கும் மண்ணின் பெருமையையும் தமதெனக் கொள்வாராக.