தோற்றவர் தீட்டிய தேர்தல்

ஓட்டுக்கு விலை வைத்து, அந்த விலையை ஒளிவு மறைவின்றிப் பேசிப் பழகிய ஊர் ஒன்று இங்கிலாந்திலே இருந்தது. பெவர்லி என்று பெயர். யார்க்ஷயரின் கிழக்குப் பகுதியிலே, கோபுரம் உயர்ந்த பழைய மாதாகோயிலும் சந்தைத் திடலும் கொண்ட சிற்றூர். அந்த ஊருக்கு 1868-ம் ஆண்டு அக்டோபர்த் திங்களின் இறுதியில் ஒருவர் வந்து இறங்கினார். அடர்ந்த தாடி, மூக்குக் கண்ணாடி, அதிர்ந்து ஒலிக்கும் குரல், வயது ஐம்பத்து மூன்று. கையில் லிபரல் கட்சியின் கொடி. நெஞ்சிலே முப்பதாண்டு ஆசை. பாராளுமன்றத்திலே அமர வேண்டும் என்ற ஆசை!

ஆந்தனி டிராலப் அவர் பெயர். இங்கிலாந்திலே நாவல் படிக்கும் வீடுகளில் எல்லாம் அறிமுகமான பெயர். நாற்பத்தேழு நாவல்கள் எழுதிய கை அது.

வந்த இடம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும், தோழர்களே, நன்றாகத் தெரியும்! பத்தாண்டுகளுக்கு முன்பே, 1858-ல், டாக்டர் தோர்ன் என்ற நாவலில் இதே காட்சியை எழுதி முடித்தவர் அவர். அதிலே ஒரு கல்தச்சன். கொலைக் குற்றத்துக்குச் சிறை சென்று மீண்டவன். ரயில் பாதை போடும் கண்ட்ராக்டில் கோடி குவித்து, சர் பட்டம் பெற்று, தேர்தலுக்கு நிற்கிறான், வெல்கிறான். மதுக்கடைக்காரன் ஒருவனுக்கு முந்திய தேர்தலின் பழைய பாக்கி ஒன்று நின்றிருந்தது. அந்த பாக்கியை ஏஜண்டு தீர்த்து வைத்தான், ஓட்டு வந்தது. எதிர்க்கட்சியார் வழக்குப் போட, வென்ற பதவி பறிபோகிறது. லஞ்சம் என்று பெயரிட்டுக் கொடுத்தால்தானே குற்றம்? கடனைத் தீர்த்ததாகக் கணக்கு எழுதினால்? இந்தச் சூட்சுமத்தைக் கதையிலே பிட்டு வைத்தவர்தான், பத்தாண்டு கழித்து, தாமே அந்தக் களத்துக்குள் காலடி எடுத்து வைத்தார்.

ஏன்? அதற்கு அவருடைய இளமையைப் பார்க்க வேண்டும்.

1815-ம் ஆண்டு ஏப்ரல் 24-ம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை படித்த வக்கீல். கட்சிக்காரர்கள் ஓடிப்போகும் அளவுக்கு முன்கோபி. வக்கீல் தொழில் போயிற்று; ஹாரோ என்ற ஊரில் விவசாயம் செய்தார்; அதுவும் போயிற்று. அதே ஹாரோவில் சீமான் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பெரிய பள்ளி. அந்தப் பள்ளிக்கு, சேறு படிந்த செருப்போடு நடந்து சென்றான் சிறுவன் ஆந்தனி. பணக்காரப் பிள்ளைகள் நகைத்தார்கள், ஒதுக்கினார்கள், ஆசிரியர்கள் அடித்தார்கள். ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் எப்படி நடத்தும் என்பதற்கு நாட்டு எல்லை கிடையாது போலும்!

1834-ல் கடன்காரர்களுக்கு அஞ்சி, குடும்பமே பெல்ஜியத்திலுள்ள புரூஜ் நகருக்கு ஓடிற்று. அங்கே குடும்பத்தைத் தாங்கியவர் தாய், பிரான்சஸ். ஐம்பதைக் கடந்த வயதில் எழுதத் தொடங்கிய அம்மையார். அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்து, அந்த நாட்டாரின் நடையுடை பாவனைகளைக் கிண்டல் செய்து 1832-ல் அவர் வெளியிட்ட புத்தகம் பரபரப்பாக விற்றது. புரூஜிலே ஒரு மகன் காசநோயில் கிடக்கிறான், கணவர் நோயாளி. இரவெல்லாம் மருந்துப் புட்டியையும் மைக்கூட்டையும் அருகருகே வைத்துக்கொண்டு, பணிவிடை செய்தபடியே நாவல் எழுதினார் அந்தத் தாய். மகன் இறந்தான், அடுத்த ஆண்டு கணவரும் இறந்தார். எழுத்து நிற்கவில்லை. பின்னாளில் ஆந்தனி காட்டிய உழைப்பு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

ஆந்தனிக்கு இலண்டன் தபால் இலாகாவில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஆண்டுக்கு 90 பவுன் சம்பளம். கடன், சோம்பல், மேலதிகாரியின் வசவு என்று ஏழாண்டு கழிந்தன. அந்த நாளில்தான், வயது முதிர்ந்த உறவினர் ஒருவரிடம் (மாமனையும் சித்தப்பனையும் ஒரே சொல்லால் அழைப்பது ஆங்கிலேயர் வழக்கம், ஆகவே என்ன முறை என்று விளங்கவில்லை) தனக்குப் பாராளுமன்ற உறுப்பினராக ஆசை என்று சொல்லிவிட்டான் இளைஞன். கிழவர் சிரித்தார். தபால் குமாஸ்தாக்களில் எத்தனை பேர் பாராளுமன்றம் போயிருக்கிறார்கள் என்று கேலி பேசினார். அந்தக் கேலி முள்ளாகத் தைத்தது. முப்பதாண்டு கழிந்தும் அது வெளியே வரவில்லை!

1841-ல் அயர்லாந்துக்கு மாற்றல் கேட்டுப் போனார். அங்கே மனிதரானார். குதிரை மீதேறி ஊர் ஊராகச் சென்று தபால் வழிகளைச் சீர் செய்தார். 1844-ல் திருமணம், 1847-ல் முதல் நாவல். கால்வாய்த் தீவுகளில் தபால் வசதியை ஆராயப் போனபோது, தெருவோரத்தில் இரும்புத் தூண் நட்டு அதிலே கடிதப் பெட்டி வைக்கலாம் என்று பரிந்துரைத்தார். 1852-ல் ஜெர்சித் தீவில் பெட்டிகள் நின்றன. நம் தெருமுனைத் தபால் பெட்டிக்கும் இந்த நாவலாசிரியருக்கும் தூரத்து உறவு உண்டு என்பதை அறிந்துகொள்க.

வேலையை விடாமலே எழுதினார். காலை ஐந்தரை மணிக்கு மேசை முன் அமர்வார். தன்னை எழுப்பி விடுவதற்காக வேலைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுன் கூடுதல் ஊதியம்! கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று கணக்கிட்டு எழுதுவார். கலைத்தேவி கடைக்கண் காட்டும் வரை காத்திருக்கும் கவிராயர்களுக்கு இது கசக்கும். எனக்கு இனிக்கிறது. பத்திரிகைக்கு நாள் தவறாமல் எழுதுபவன் அறிவான், கடிகாரத்தின் அருமையை!

1867-ல், ஓய்வூதியம் பெறும் வயதுக்கு எட்டாண்டு இருக்கும்போதே, அதை இழந்து தபால் இலாகாவை விட்டு விலகினார். அரசாங்க ஊழியர் தேர்தலுக்கு நிற்க முடியாது அல்லவா? எசெக்ஸ் பகுதியில் ஒரு தொகுதி கிடைக்கும் என்று ஆசை காட்டினார்கள். பிறகு வேறொருவரை நிறுத்தினார்கள். மிச்சம் இருந்தது பெவர்லி. நல்ல இடத்தை நம்பியவருக்கு நாற்றமெடுத்த இடம்!

அங்கே அரசியல் அறிந்த ஒரு பெரிய மனிதர் முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நீங்கள் வெல்லப் போவதில்லை. ஆயிரம் பவுன் செலவழித்துத் தோற்பீர்கள். இன்னும் ஆயிரம் செலவழித்து வழக்குப் போடுவீர்கள். வென்றவர் பதவி பறிபோகும். விசாரணைக் கமிஷன் வரும். ஊரின் தொகுதி உரிமையே ரத்தாகும். புதிதாக வந்தவருக்கு அது பெரிய சாதனைதான் என்று சிரித்தபடி சோதிடம் சொன்னார். அதைக் கேட்ட பின்னும் டிராலப் ரயிலேறித் திரும்பவில்லை. தங்கினார்.

பதினைந்து நாள் பிரசாரம். மழையிலும் சேற்றிலும் வீடு வீடாகப் போனார். அயர்லாந்திலே மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்; அவர்கள் தலையிலே ஆங்கிலத் திருச்சபையைச் சர்க்கார் சபையாகச் சுமத்தி வைத்திருக்கும் அநீதியைப் பேசினார்; ஏழைப் பிள்ளைகளின் கல்வியைப் பேசினார். கேட்பார் இல்லை. கொள்கை என்று ஒன்று இந்த மனிதருக்கு இருக்கக்கூடும் என்பதே அவ்வூராருக்கு வியப்பாக இருந்தது. லஞ்சம் கூடாது, விருந்து கூடாது, நம் பக்கத்திலே ஒரு குவளை பீர்கூடக் கூடாது என்று தம் கட்சிப் பிரமுகரிடமே சொல்லிப் பார்த்தார். அந்தப் பிரமுகர் காட்டிய ஏளனம் இருக்கிறதே, அதை டிராலப் சாகும் வரை மறக்கவில்லை. எதிரி ஏளனம் செய்தால் தாங்கலாம். தோளோடு தோள் நிற்பவர் ஏளனம் செய்தால்?

இங்கேதான் நான் நின்று யோசிக்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொன்னார், உண்மை. சொன்னதைக் கேட்க மாட்டார்கள் என்று கண்டபின், கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்திருக்கலாமே! வரவில்லை. செலவுக்கு 400 பவுன் கொடுத்தார். அதைப் பைசா வாரியாகப் பட்டியல் போட்டுக் கேட்ட செய்தி அவர் சுயசரிதையில் இல்லை. கறைபடாத கையோடு இருக்க வேண்டும். ஆனால் கறையுள்ள ஊரில் வெற்றியும் வேண்டும். இந்த இரட்டை ஆசைதான் அவரை அங்கே பிடித்து வைத்தது. வாழ்நாளிலேயே இதுபோல் துயரமான பதினைந்து நாளைக் கண்டதில்லை என்று பின்னால் எழுதினார்.

எதிரணியில் நின்றவர் சர் ஹென்றி எட்வர்ட்ஸ். 1857 முதல் அவ்வூரின் உறுப்பினர். ஊரின் இரும்புப் பட்டறைக் கம்பெனிக்குத் தலைவர். வேலை கொடுப்பவரும் அவரே, ஓட்டு கேட்பவரும் அவரே! அவருடைய கூட்டத்தார் செய்த தந்திரத்தைக் கேளுங்கள். பாராளுமன்றத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு நகரசபைத் தேர்தல். பணத்தை அப்போதே அள்ளி இறைத்தார்கள். பெற்றவன் நன்றியை இரண்டு வாரம் கழித்துக் காட்ட வேண்டும். சட்டப் புத்தகம் பார்த்தால், பாராளுமன்றத் தேர்தலுக்குக் காசு கொடுக்கவில்லை!

அந்நாளில் இரகசிய வாக்கு கிடையாது. மேடை ஏறி, எல்லோர் காதிலும் விழ, யாருக்கு ஓட்டு என்று சொல்ல வேண்டும். குமாஸ்தா ஏட்டிலே குறிப்பார். வாங்கியவன் நாணயமாக நடந்தானா என்று கொடுத்தவன் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம். 1867-ம் ஆண்டுச் சட்டம் நகரத் தொழிலாளிக்கு ஓட்டுரிமை தந்தது. ஆனால் முதலாளி பார்த்துக்கொண்டிருக்க அவன் வாய் திறந்தாக வேண்டும். பெண்களுக்கோ அந்த ஓட்டும் இல்லை.

நவம்பர் 17-ம் நாள் முடிவு வந்தது. இரண்டு இடம், நான்கு வேட்பாளர்கள். எட்வர்ட்ஸ் 1,132. அவருடைய கூட்டாளி கென்னார்டு 986. லிபரல் மாக்ஸ்வெல் 895. டிராலப் 740, கடைசி!

பிறகு, பெரிய மனிதரின் சோதிடம் வரிக்கு வரி பலித்தது. வழக்கு வந்தது, 1869-ல் வென்ற இருவரும் பதவி இழந்தார்கள், கமிஷன் வந்தது, லஞ்சம் அவ்வூரில் பழைய வழக்கம் என்று அம்பலமாயிற்று. 1870-ல் பெவர்லியின் தொகுதி உரிமை ரத்து.

இவ்வளவு பட்டவர் இரகசிய வாக்குக்குப் போராடியிருப்பார் என்றுதானே எண்ணுவோம்? இல்லை! ஆண்மகன் என்றால் தன் கருத்தை அச்சமின்றி வெளியே சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம். தன்னைப் பழமைப் பற்றுள்ள, ஆனால் முன்னேறிய லிபரல் என்று சொல்லிக்கொண்டவர். அந்தப் பழமைப் பற்று இங்கே கண்ணை மறைத்தது. சொந்த நிலமும் சொந்த வருவாயும் உடையவனுக்கு அச்சமின்மை எளிது. அடுத்த வார அரிசிக்கு, மன்னிக்கவும், ரொட்டிக்கு, முதலாளியின் தயவை நம்பி நிற்பவனிடம் வீரம் பேசுவது சீமான்களின் பொழுதுபோக்கு.

கட்டுரையாளராகத் தவறிய அந்த இடத்தில், கதாசிரியராக அவர் தவறவில்லை. பெவர்லியின் புண் ஆறும் முன்பே எழுதி, 1870-71-ல் தொடர்கதையாக வெளியிட்ட ரால்ப் தி ஹேர் நாவலைப் பாருங்கள். ஊர்ப் பெயர் மட்டும் பெர்சிகிராஸ் என்று மாறியது. அங்கே சர் தாமஸ் அண்டர்வுட் என்ற வக்கீல் நிற்கிறார். லஞ்சம் கூடாது என்கிறார்; ஏஜண்டுகள் தலையாட்டுகிறார்கள், தம் வேலையைச் செய்கிறார்கள். அவர் வெல்கிறார், வழக்கில் பதவி இழக்கிறார். அவரை டிராலப் வில்லனாக்கவில்லை. நல்லவர், படித்தவர், பேக்கனின் வாழ்க்கை வரலாற்றை எழுதப்போவதாக ஆண்டுக் கணக்கில் சொல்லிக்கொண்டே ஒரு வரியும் எழுதாதவர். முடிவெடுக்காத மனிதர்! பக்கத்திலே நடப்பதைப் பார்க்காதிருக்கக் கற்றவர்.

எதிரே ஒண்டாரியோ மாக்ஸ் என்ற இளைஞன். செருப்புக் கடை முதலாளியின் மகன்; தந்தைக்கு எதிராகவே வேலைநிறுத்தக்காரர் பக்கம் பேசுபவன். தூய்மையும் உழைப்பாளர் உரிமையுமே அவன் சுவரொட்டி வாசகம். ஒரு காசும் கொடுக்க மறுக்கிறான், தோற்கிறான். அவன் ஆவேசப் பேச்சை டிராலப் கொஞ்சம் கேலியும் செய்கிறார். ஆனால் அந்தத் தேர்தலில் நிமிர்ந்த தலையோடு வீடு திரும்புபவன் அவன் ஒருவனே. காதலித்த பெண்ணையும் அவனுக்கே மணமுடித்து வைத்தார்! இந்த நாவலைத் தம் படைப்புகளில் மட்டமான ஒன்று என்று டிராலப்பே மதிப்பிட்டார். பெர்சிகிராஸ் அத்தியாயங்களைப் பொறுத்த வரையில் அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

1875-ல் வந்த தி வே வி லிவ் நவ் நாவலில் மெல்மாட் என்ற மோசடி நிதிமுதலை, போலிப் பத்திரக் கதை ஊரெல்லாம் பரவியிருக்கும்போதே, வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் வெல்கிறான். அது இரகசிய வாக்கு வந்தபின் நடக்கும் தேர்தல். அடுத்த ஆண்டு வந்த தி பிரைம் மினிஸ்டர் நாவலில் லோபஸ் என்பவன், தோற்ற தேர்தலின் செலவு 500 பவுனை மாமனாரிடம் ஒருமுறை வாங்கி, பிரதம மந்திரியிடம் இன்னொரு முறை வாங்குகிறான். அதைக் கொடுத்த பிரதமரோ, தம் மனைவி அவனுக்குத் தூபம் போட்டதற்கு ஈடாக, வாய் திறக்காமல் கொடுத்து அவமானத்தை விழுங்குகிறார். மோசடிக்காரனைவிட, அவனுக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும் யோக்கியரின் மீதே ஆசிரியரின் பார்வை நிலைத்து நிற்கிறது. பெவர்லிக்குப் போகாதவர் இதை எழுதியிருக்க முடியுமா என்பது ஐயம்.

டிராலப் மறுபடி எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. 1872-ல் அவர் வெறுத்த இரகசிய வாக்கு சட்டமாயிற்று. அந்த ஆகஸ்டிலேயே அதே யார்க்ஷயரைச் சேர்ந்த பாண்டிபிராக்ட் ஊரில் முதல் வாக்குப்பெட்டி வைக்கப்பட்டது. 1882-ம் ஆண்டு நவம்பரில், நகைச்சுவைக் கதை ஒன்றை வாசிக்கக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. டிசம்பர் 6-ம் நாள் இறந்தார். மறு ஆண்டு, வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு கட்டி, ஊழல் முறைகளுக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதே 1883-ல் அவருடைய சுயசரிதையும் அச்சாகி வெளிவந்தது. எழுத்தால் ஈட்டிய 68,939 பவுன், 17 ஷில்லிங், 5 பென்ஸ் வரை அதிலே கணக்கு இருந்தது. பெவர்லி என்று தலைப்பிட்டுத் தனி அத்தியாயமும் இருந்தது.