பருப்பிலும் பதநீரிலும் விஞ்ஞானம் கண்ட கமலா சோஹோனி அம்மையார்

ஃபேரர் பார்க், தேக்கா பகுதிகளில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் துவரை, கடலை, மொச்சை, கருப்பட்டி இவற்றை அன்றாடம் நிறுத்துக் கொடுக்கிறோம். அவற்றின் விலை தெரியும். புதியது எது பழையது எது என்பதும் கைபட்டவுடன் தெரியும். மொச்சையை நன்றாக வேகவைக்காமல் தின்றால் ஏன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று வாடிக்கைக்காரர் கேட்டால் மட்டும் விழிக்கிறோம். அந்தக் கேள்விக்கு விடை கண்டவர்களில் ஒருவர் இந்தியப் பெண்மணியான டாக்டர் கமலா சோஹோனி அம்மையார் ஆவார்.

அம்மையார் 1911ஆம் ஆண்டு இந்தூரில் பிறந்தார். தகப்பனாரும் சிறிய தகப்பனாரும் பங்களூர் டாட்டா விஞ்ஞான ஸ்தாபனத்தில் படித்த இரசாயனக்காரர்கள். மகளும் அதே வழியில் போக ஆசைப்பட்டது இயல்புதானே! 1933இல் பம்பாய் சர்வகலாசாலையில் இரசாயனமும் பௌதிகமும் படித்து முதலாவதாகத் தேறினார். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய பங்களூருக்கு மனுப் போட்டார். அப்பொழுது அங்கே தலைவராக இருந்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் அவர்கள். பெண் என்ற ஒரே காரணத்தால் அவர் மனுவைத் தள்ளிவிட்டார்.

இராமன் அவர்கள் பேரறிஞர் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் பேரறிஞருக்கும் சில இடங்களில் கண் மறைத்துவிடுகிறது. கமலா அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. நேரில் சென்று காரணம் கேட்டு, காந்திஜி காட்டிய சத்தியாக்கிரக முறையிலே அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் இடம் கிடைத்தது, நிபந்தனைகளோடுதான். முதல் வருஷம் அவரை முறையான மாணவியாகக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். ஆசிரியர் இரவிலே வேலை செய்யச் சொன்னாலும் செய்ய வேண்டும். அவர் அங்கிருப்பதால் மற்றவர்களின் கவனம் சிதறக்கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனை எனக்கு இன்னும் விளங்கவில்லை. மற்றவர் கவனம் சிதறினால் அது இவர் குற்றமா?

அவமானத்தை மனதில் வைத்துக்கொண்டே வேலையில் இறங்கினார். ஸ்ரீனிவாசய்யா என்ற ஆசிரியரிடம் பாலிலும் பயறு வகைகளிலும் உள்ள புரதச் சத்தை ஆராய்ந்தார். ஒரு வருஷத்தில் இராமன் அவர்களே திருப்தியடைந்தார். அதன்பின் அந்த ஸ்தாபனத்தின் கதவு மற்றப் பெண்களுக்கும் திறந்தது. பிற்காலத்தில் புகழ் வந்தபோதும் அம்மையார் அந்தச் சம்பவத்தை மூடி மறைக்கவில்லை. பொதுமேடையிலேயே வருத்தத்தோடு எடுத்துச் சொன்னார்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் பெண்பிள்ளை எட்டாவது முடித்தால் போதும் என்று நிறுத்திவிடுவார்கள். என் ராத்தாவும் அப்படி நின்றவர்தாம். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர். கல்வி தேடுவது கடமை என்று நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த அதே நாட்களில் இது நடந்தது. அம்மையாரின் கதையைப் படித்தபோது ராத்தாவின் நினைவு வராமல் போகவில்லை.

1937இல் அம்மையார் சீமைக்குப் போய்க் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சேர்ந்தார். வேலை செய்ய மேஜை காலியில்லை. டாக்டர் ரிக்டர் என்பவர் தம் மேஜையைப் பகலில் இவருக்குக் கொடுத்துவிட்டு, இரவில் தாம் வேலை செய்தார். அங்கே இவர் எடுத்துக்கொண்ட பொருள் உருளைக்கிழங்கு! மனிதர், மிருகங்களைப்போலச் செடிகொடிகளும் சுவாசிக்கின்றன. உணவை எரித்துச் சக்தி பெறுகின்றன. உயிரணுவுக்குள் அந்த வேலையை நடத்தும் பொருள்களில் ஒன்று சைட்டோகுரோம் சி. அது தாவரங்களிலும் உண்டென்று அம்மையார் காட்டினார். சுமார் பதினான்கு மாதத்தில் எழுதி முடித்த ஆராய்ச்சி நூல் 40 பக்கம்தான். 1939இல் டாக்டர் பட்டம் கிடைத்தது.

அந்நாட்டிலேயே தங்கிப் பெயர் தேடியிருக்கலாம். அவர் தங்கவில்லை. விஞ்ஞானம் ஏழையின் சோற்றுத்தட்டுக்கு வந்துசேர வேண்டும் என்பதே அவருடைய எண்ணமாயிருந்தது. அந்த ஆண்டே திரும்பி டெல்லியில் லேடி ஹார்டிங்க் கல்லூரியிலும், பிறகு நமது நீலகிரியில் குன்னூர் போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையிலும் வேலை பார்த்தார். (அந்தச் சாலை 1958இல் ஹைதராபாத்துக்கு மாறிப்போனது.) 1947இல் திருமணமாகிப் பம்பாய் சென்று, அங்குள்ள விஞ்ஞானக் கல்லூரியில் ஆசிரியரானார்.

மொச்சைக் கதை அங்கேதான் வருகிறது. நாம் உண்ணும் புரதத்தைச் செரிக்கவைக்கும் சாறு ஒன்று வயிற்றுக்குள் உண்டு. பச்சைப் பயறு வகைகளில் அதைத் தடுக்கும் பொருளும் இருக்கிறது. அதை மொச்சையிலிருந்து பளிங்குபோலத் தனியே பிரித்து, மாணவியுடன் சேர்ந்து 1955இல் லண்டன் நேச்சர் பத்திரிகையில் வெளியிட்டார். நன்றாக வேகவைத்தால் அதன் வலிமை பெரும்பாலும் போய்விடும். அடுப்படியில் நம் உம்மாமார் கைப்பழக்கமாகச் செய்துவந்த காரியத்துக்கு ஆதாரம் கிடைத்தது.

அப்போதைய ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் அவர்களின் யோசனைப்படி பதநீரையும் ஆராய்ந்தார். பனையேறி இறக்குகிற சாதாரணப் பதநீர்தான். அதில் இரும்புச் சத்தும் வைட்டமின்களும் இருப்பதையும், காய்ச்சிக் கருப்பட்டியாக்கிய பிறகும் அவை ஓரளவு நிலைப்பதையும் கண்டார். சத்துக்குறைவால் மெலிந்த ஆதிவாசிப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலன் தெரிந்தது. இதற்காக ஜனாதிபதி விருதும் கிடைத்தது. அத்தனை இருந்தும், கல்லூரித் தலைவர் பதவி அவருக்கு வர நான்கு ஆண்டு தாமதமாயிற்று.

வியாபாரிகளாகிய நாம் அறியவேண்டிய இன்னொன்று உண்டு. 1966இல் பம்பாயில் தொடங்கிய நுகர்வோர் வழிகாட்டிச் சங்கத்தில் அவர் ஊக்கமாகப் பாடுபட்டார். 1982-83இல் அதன் தலைவராகவும் இருந்தார். உணவுக் கலப்படம், பொருள்களின் பத்திரம் குறித்து அச்சங்கத்தின் பத்திரிகையில் எழுதிவந்தார். கடைக்காரர்களுக்கு இது பிடித்திருக்காது! ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் கண்டு கண்டித்த செய்தியை அறிந்த நாம் அம்மையார் மேல் கோபப்பட நியாயமில்லை. அவரும் குவியலின் அடியைத்தான் பார்த்தார்.

1998இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் புதுடெல்லியில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தியது. விழா நடக்கும்போதே அம்மையார் மயங்கி விழுந்தார். சில நாட்களில் காலமானார்.